அறைக்கதவின் அகலம்

சுற்றுலா என்றதும் ஊர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆக்ராவா, ஜெய்ப்பூரா, சிம்லாவா என்று முடிவு செய்துவிட்டால் தங்குமிடம் எளிதில் அமைந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவர் உள்ள குடும்பத்தில் இவ்வரிசை தலைகீழாகிறது. நுழையத்தக்க அறை ஒன்று முதலில் கிடைக்க வேண்டும். ஊர் அதன் பிறகே. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களுடன் பெற்றோரும் உடன்பிறந்தாரும் பயணம் செய்கின்றனர். ஒரு கதவு குறுகலாக இருந்தால், பல வேளைகளில் குடும்பம் முழுவதும் பயணத்தையே கைவிட்டுவிடுகிறது.

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களை, அவை அரசுடையவையாயினும் தனியாருடையவையாயினும், அனைவரும் அணுகத்தக்கனவாக அமைக்க வேண்டும் என்கிறது. வணிகத்துக்கும் பொழுதுபோக்குக்கும் உரிய கட்டடங்களும் இதில் அடங்கும். பழைய கட்டடங்களைத் திருத்தியமைக்க 5 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அது 2022இல் முடிந்தது. விதிகளுள் பல வெறும் வழிகாட்டுதல்களாகவே நின்றுவிட்டதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளைத் தனியே வகுக்குமாறு ஆணையிட்டது. நட்சத்திரத் தகுதி பெறும் விடுதிகளுக்கான சுற்றுலா அமைச்சகத்தின் நெறிமுறைகளும் மாற்றுத்திறனாளிகளுக்கென ஓர் அறையையேனும் கேட்கின்றன. அவ்வறையின் கதவு ஒரு மீட்டர் அகலம் இருத்தல் வேண்டும். அலமாரியின் துணி மாட்டிகள் தாழ்வாக இருத்தல் வேண்டும். ஆயினும் நடுத்தரக் குடும்பங்கள் பெரும்பாலும் தங்குவது நட்சத்திரம் இல்லாத சிறு விடுதிகளிலும் தருமசாலைகளிலும்தான். அங்கே அளவுநாடாவே துணை.

இடர் பெரும்பாலும் குளியலறை வாயிலில் காத்திருக்கிறது. பரவலாகப் பயன்படும் சக்கர நாற்காலியின் மொத்த அகலம் ஏறத்தாழ 65 செ.மீ. சக்கரத்தைத் தள்ளும் கைகளுக்கு இருபுறமும் சிறிது இடம் வேண்டும். அதனால்தான் கதவைத் திறந்தபின் கிடைக்கும் வழி 90 செ.மீ. இருக்க வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. பழைய விடுதிகளில் அறைக்கதவு மூன்றடி அகலம் இருக்கும். குளியலறைக் கதவோ இரண்டரை அடியே இருக்கும். மரச்சட்டத்தையும், திறந்து நிற்கும் கதவின் கனத்தையும் கழித்தால் எஞ்சுவது 65 செ.மீ. அளவே. போதாக்குறைக்கு, குளித்த நீர் அறைக்குள் வராதிருக்கக் கட்டிய சிறு மேடு வாயிலில் குறுக்கிடும். நடப்பவர் கண்ணுக்கு அம்மேடு தெரிவதே இல்லை. கட்டில் வரை எளிதாக வந்தவர் கழிப்பறைக்குச் செல்ல இயலாமல் இரவு முழுவதும் நீர் அருந்தாமல் இருக்க நேர்வதும் உண்டு.

படிகளின் கணக்கும் இத்தகையதே. சாய்தளத்தின் சரிவு 1:12 என்ற விகிதத்தை மீறக் கூடாது. அதாவது, ஒரு செ.மீ. உயரத்துக்குப் பன்னிரண்டு செ.மீ. நீளம். வாயிலில் 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகள் இருப்பின் மொத்த உயரம் 45 செ.மீ.; சாய்தளத்தின் நீளமோ 540 செ.மீ., ஏறக்குறைய 18 அடி. படிகளின்மேல் மூன்றடிப் பலகை ஒன்றைச் சாய்த்துவைத்து, சாய்தளம் இருக்கிறது என்று சொல்லும் விடுதிகளும் உள்ளன. அது பெட்டி, மூட்டைகளை ஏற்றுவதற்கு உதவும், மனிதருக்கு உதவாது.

தொலைபேசியில் கேட்டால் பல இடங்களில் கிடைக்கும் விடை ஒன்றே: "கவலை வேண்டாம், நம் பையன்கள் நால்வர் தூக்கிவிடுவார்கள்." சொல்பவரின் அன்பில் குறை காண இயலாது. ஆயினும் காலையில் சிற்றுண்டிக்கு ஒருமுறை, வெளியே செல்ல ஒருமுறை, திரும்பி வர ஒருமுறை எனப் பிறர் கைகளில் ஏறி இறங்குவதை எவர் விரும்புவார்? தூக்குபவரின் பிடி நழுவினால் வரும் காயம் ஒருபுறம் இருக்க, தேநீர் அருந்த வேண்டும் என்று தோன்றும்போது நான்கு பேரைத் தேடும் நிலை, விடுமுறையின் இன்பத்தைக் கெடுத்துவிடுகிறது.

ஊரின் அமைப்பையும் கருத வேண்டும். ஜெய்ப்பூரில் பழைய மாளிகைகள் பல விடுதிகளாக மாறியுள்ளன. கண்ணுக்கு இனியவைதாம், உயர்ந்த நிலைப்படிகளும் குறுகிய மாடிப்படிகளும் அவற்றோடு சேர்ந்தே வரும். மலைநகரான சிம்லாவில் மால் சாலைக்குச் சுற்றுலா வாகனங்கள் செல்வதில்லை. கீழே உள்ள கார்ட் சாலையிலிருந்து மேலே செல்லப் பொது மின்தூக்கி உண்டு. எனவே அங்கே விடுதியின் அறையைப் பற்றிக் கேட்பதோடு, மின்தூக்கியிலிருந்து விடுதி வாயில் வரை படிகள் உள்ளனவா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

எல்லாருடைய தேவையும் சக்கர நாற்காலியைச் சார்ந்ததன்று. செவித்திறன் குறைந்தவர் அறைக்குள் உறங்கும்போது தீ விபத்தை அறிவிக்கும் மணி ஒலித்தால் அவருக்கு எப்படித் தெரியும்? விட்டுவிட்டு ஒளிரும் விளக்கு வேண்டும். அது இல்லாத விடுதியில் வரவேற்பாளரிடம் முன்னரே கூறி, மாற்றுச் சாவிக்கு ஏற்பாடு செய்வது நல்லது. பார்வையற்றவருக்கு மின்தூக்கியின் பொத்தான்களில் பிரெயில் எழுத்து உதவும். வந்த உடனே பணியாளர் ஒருவர் அறையை ஒருமுறை சுற்றிக் காட்டி, வெந்நீர்க் குழாய் எப்பக்கம் உள்ளது என்று தொட்டு அறியச் செய்தால் அது இன்னும் உதவும். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

"வசதி உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்றே விடை வரும். "குளியலறைக் கதவு எத்தனை செ.மீ.? அளந்து சொல்ல முடியுமா? கதவருகே அளவுநாடாவை வைத்து ஒரு படம் அனுப்புவீர்களா?" என்று கேட்பதே பயன் தரும். கட்டிலின் உயரம் மெத்தையோடு சேர்த்து 45 முதல் 50 செ.மீ. இருந்தால் நாற்காலியிலிருந்து மாறுவது எளிது. கழிப்பறைச் சுவரில் கைப்பிடி உள்ளதா, அறைக்குள் நாற்காலியைத் திருப்ப 150 செ.மீ. விட்டமுள்ள இடம் உள்ளதா என்பவையும் தெரிய வேண்டும். ஒரு விடுதியில் இத்தகைய அறை பெரும்பாலும் ஒன்றே இருக்கும். கூட்டம் மிகுந்த நாளில் அதை முன்னே வந்தவருக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. ஆகவே முன்பணம் செலுத்தும் முன் அந்த அறையின் எண்ணையே குறிப்பிட்டு, அது தமக்கென ஒதுக்கப்பட்டதற்கான உறுதியை எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ள வேண்டும்.