லின்ட்ரோஸ் டிரேட்டில் லாபம் யாருக்கு?

1991 ஜூன் மாதம் பஃபலோ நகரில், எரிக் லின்ட்ரோஸ் என்ற 18 வயதுப் பையனின் பெயரை கியூபெக் நார்டிக்ஸ் அணி அறிவித்தது. பையன் மேடைக்கு வந்தான். நீட்டிய ஜெர்ஸியைக் கையில் வாங்கிக்கொண்டான். போட்டுக்கொள்ளவில்லை.

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துப் பொறுக்கும். அந்நாளில், போன சீசனில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் முறை. எந்த ஊருக்குப் போவது என்று பையன் சொல்ல முடியாது. லின்ட்ரோஸோ ஒரு சீசன் முழுக்க நார்டிக்ஸுக்கு ஆடாமலே இருந்தான். கடைசியில் அவனைக் கொடுத்துவிட்டு ஈடாக ஆட்களை வாங்கும் டிரேட்டுக்கு அணி இறங்கி வந்தது. அதிலும் ஒரு கூத்து. பிலடெல்பியா ஃப்ளையர்ஸ், நியூயார்க் ரேஞ்சர்ஸ் இரண்டுமே “பேரம் எங்களோடு முடிந்துவிட்டது” என்றன. லேரி பெர்டூஸி என்ற வழக்கறிஞர் விசாரித்து, 1992 ஜூன் 30 அன்று ஃப்ளையர்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

ஒரு பையனுக்காக ஃப்ளையர்ஸ் கொடுத்தது ஆறு ஆட்டக்காரர்கள், முதல் சுற்றில் பொறுக்கும் உரிமை இரண்டு, போதாததற்கு 1.5 கோடி டாலர். அந்த ஆறு பேரில் ஒருவர் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க். அப்போது அவர் ஸ்வீடனில் ஆடிக்கொண்டிருந்தார்; வந்து சேரவே 1995 ஆகிவிட்டது. அவர் வராமலே, டிரேட்டுக்கு முந்தைய சீசனில் 52 புள்ளி எடுத்த நார்டிக்ஸ் அடுத்த சீசனில் 104 எடுத்தது.

ஃப்ளையர்ஸ் ஏமாந்துவிட்டது என்று பலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இன்னோர் அணியும் அள்ளிக் கொடுக்கத் தயாராக வரிசையில் நின்றதே! லின்ட்ரோஸ் சோடை போகவும் இல்லை. 1995இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பை அவருக்குத்தான். 1997இல் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். டெட்ராய்ட்டிடம் ஆட்டக் கணக்கில் 4-0 என்று தோற்றார்கள். அவரைச் சாய்த்தது தலையில் திரும்பத் திரும்ப விழுந்த அடி. 2000 மே மாதம் எதிரணி ஆட்டக்காரர் ஸ்காட் ஸ்டீவன்ஸ் மோதிய மோதலுக்குப் பிறகு அவர் ஃப்ளையர்ஸுக்கு ஆடவே இல்லை. இதை 1992இல் யார் கண்டார்கள்?

எதிர்த் தரப்பின் கணக்கு நீளமானது. கிடைத்த உரிமைகளில் ஒன்றை வைத்து நார்டிக்ஸ்காரர்கள் ஜோஸ்லின் திபோ என்ற கோல்கீப்பரைப் பொறுக்கினார்கள். 1995 டிசம்பரில் அவரையும் வேறு இருவரையும் மான்ட்ரியலுக்குக் கொடுத்து, மகா கோல்கீப்பர் பாட்ரிக் ருவாவையும் கேப்டன் மைக் கீனையும் வாங்கினார்கள். ஆறே மாதத்தில் லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை, 2001இல் இன்னொன்று. ருவாவையும் லின்ட்ரோஸ் கணக்கில் வரவு வைப்பது கொஞ்சம் அதிகம்தான். அது வேறு நாள் பேசிய வேறு பேரம். ஆனாலும் வைப்பார்கள்.

சரி, அந்தக் கோப்பைகளை வென்றது யார்? டொராண்டோவில் என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் கியூபெக் நகரத்துக்காரர். அவர் முன்னால் “நார்டிக்ஸுக்குத்தான் லாபம்” என்று சொல்லிப் பாருங்கள். “கப் டென்வருக்குப் போச்சு. எங்களுக்கு என்ன வந்துச்சு?” என்பார்.

அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. சிறிய ஊர், பழைய அரங்கம், அமெரிக்க டாலரில் சம்பளம், கனடா டாலரில் வசூல். 1995இல் அணியை விற்றுவிட்டார்கள். அது டென்வருக்குப் போய் கொலராடோ அவலாஞ்சி ஆனது. அங்கே போன முதல் சீசனிலேயே கோப்பை. ஃபோர்ஸ்பெர்க் கியூபெக்கின் ஜெர்ஸியில் ஆடியது ஒரே சீசன். இன்னொன்று: பரம எதிரியான நார்டிக்ஸ் கியூபெக்கிலேயே இருந்திருந்தால், மான்ட்ரியல் அவர்களுக்கு ருவாவைத் தந்திருக்குமா? ஊர் அணியை இழந்ததால்தான் அணிக்கு ருவா கிடைத்தார் என்பது என் கட்சி.

என்.எச்.எல். திரும்பி வரும் என்று நம்பி 2015இல் கியூபெக் நகரத்தில் பெரிய அரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். இப்போது அதில் ஆடுவது ரெம்பார்ட்ஸ் என்ற ஜூனியர் அணி.