சிறுகதைகளின் நிழலில் நிற்கும் நாவல்கள்

ஆர். சூடாமணி (1931–2010) மீண்டும் வாசகர் பேச்சில் இடம்பெறுவது மகிழ்ச்சிக்குரியது. எனினும் மீண்டு வந்திருப்பவர் பெரும்பாலும் சிறுகதையாசிரியர் சூடாமணியே. காலச்சுவடு வெளியிட்ட ‘தனிமைத் தளிர்’ தொகுப்பும், ஓய்வுபெற்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் மொழிபெயர்க்க 2015-இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் ஆங்கிலத்தில் கொண்டுவந்த தொகுப்பும் அவருடைய கதைகளையே முன்வைத்தன.

இதற்குக் காரணம் வடிவத்திலேயே உள்ளது. மயிலாப்பூரிலிருந்து வந்த ‘கலைமகள்’ போன்ற இதழ்களை நம்பி வளர்ந்த தலைமுறையில், தொடர்கதை வீடுகளில் கிழித்துத் தைக்கப்பட்டுப் பத்திரப்படுத்தப்பட்டதே அன்றி, அதன் மறுபதிப்புக்கு எவரும் பொறுப்பேற்கவில்லை. சிறுகதையைப் பின்னாளில் ஒரு தொகுப்பாசிரியர் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றிவிட முடியும். நாவலையோ முழுதாக அச்சிட ஒரு பதிப்பாளர் துணிய வேண்டும். ‘குடும்ப நாவல்’ என்ற முத்திரை அந்தத் துணிவையும் குறைத்தது. ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி 115 நாவல்கள் எழுதிய வை.மு. கோதைநாயகி அம்மாளின் படைப்புகளில் இன்று பலர் பெயரளவிலேனும் அறிந்தவை மிகச் சில.

இப்படி மறக்கப்பட்டவை மீள்வதும் உண்டு. அமெரிக்காவில் எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டனின் 1937-ஆம் ஆண்டு நாவல் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்து, 1975-இல் ஆலிஸ் வாக்கர் எழுதிய இதழ்க் கட்டுரைக்குப் பின் பெருவாசிப்பைப் பெற்றது. தமிழில் அத்தகைய பணியை எழுத்தாளர் அம்பை 1984-இல் வெளியிட்ட, தமிழிலக்கியத்தில் பெண்களைப் பற்றிய ஆங்கில ஆய்வுநூல் தொடங்கிவைத்தது. நாட்டுடைமை, அதாவது அரசு உரியவருக்குப் பரிவுத்தொகை அளித்து நூல்களை எவரும் அச்சிடலாம் என்று பொதுவாக்குவது, மற்றொரு வழி. எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009-இல், அவர் வாழ்ந்த காலத்திலேயே அவ்வாறு பொதுவாயின. ஆனால் உரிமை பொதுவாவதும் வாசிக்கப்படுவதும் ஒன்றல்ல.

சூடாமணியின் ‘இரவுச்சுடர்’ அந்த வாசிப்பை உரிமையோடு கேட்கும் நாவல். அதன் நாயகி யாமினி கருநிறத்தாள். தனிமையை ஒரு குறையாக அன்றித் தன் இயல்பாகவே கொண்டவள். காதலும் வேண்டாம், மணமும் வேண்டாம் என்பவள். பெற்றோர் அன்பின் பெயரால் அவளுக்கு மணம் முடிக்கிறார்கள். கொடுமைக்காரர் எவரும் இல்லாத அந்த வீட்டில், அவள் மறுப்பு மட்டும் எவர் செவியிலும் ஏறாமல் போகிறது. வசந்தா சூரியாவின் மொழிபெயர்ப்பில் 1996-இல் மேக்மில்லன் வெளியிட்ட ஆங்கிலப் பதிப்பு, நூலுக்கு அவள் பெயரையே சூட்டியது.