மலைவேம்பு: விலையைத் தீர்மானிப்பது கவாத்து

ஆறேழு ஆண்டுகள் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த மலைவேம்பைக் கடைசியில் விறகு விலைக்குக் கொடுத்துவிட்டு வருந்தும் விவசாயிகள் உண்டு. மரம் பருத்திருக்கும், உயரமும் இருக்கும். ஆனால், தண்டு முழுக்கக் கணுக்கள். 'பிளைவுட்டுக்கு ஆகாது' என்று வியாபாரி ஒதுக்கிவிடுவார்.

பிளைவுட் ஆலையில் கட்டையைச் சுழலவிட்டு, நீண்ட கத்தியால் சுருட்டிய பாயைப் பிரிப்பது போல மெல்லிய தகடாக உரிப்பார்கள். கிளை இருந்த இடம் தகட்டில் கருங்கணுவாகவோ ஓட்டையாகவோ வந்து நிற்கும். அதனால்தான் கணு இல்லாத நேரான தண்டுக்கு நல்ல விலை.

எப்போது, எப்படி?

நட்ட முதல் ஆண்டிலேயே கவாத்தைத் தொடங்க வேண்டும். தண்டில் வரும் பக்கத் துளிர்களை இளசாக இருக்கும்போதே கையால் கிள்ளிவிடலாம். வளர்ந்த கிளை என்றால் கைரம்பமே நல்லது. அரிவாளால் வெட்டினால் பட்டை கிழியும். கிளையைக் குச்சியாக விடாமல் தண்டை ஒட்டி, அடிப்பட்டை காயப்படாமல் அறுக்க வேண்டும். விட்ட குச்சி காய்ந்து, மரத்துக்குள் செத்த கணுவாகப் புதைந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்து, சுமார் 20 அடி உயரம் வரை தண்டைச் சுத்தமாக வைக்கலாம். ஆனால், மரத்தின் மேல்பாதித் தழையில் கை வைக்கக் கூடாது. தழை குறைந்தால் பருமன் குறையும்.

பாதி மரம் முன்கூட்டியே

10-க்கு 10 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 435 கன்றுகள் பிடிக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் உளுந்து, நிலக்கடலை ஊடுபயிராக எடுக்கலாம். பிறகு கிளைகள் ஒன்றோடொன்று மோதத் தொடங்கியதும், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையை வெட்டிக் காகித ஆலைக்குக் கொடுக்கலாம். மீதி மரங்கள் வெளிச்சம் கிடைத்துப் பருக்கும்.

பருமனின் மதிப்பைக் கணக்கே சொல்லும். சுற்றளவில் கால் பங்கை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் கன அடி. 10 அடிக் கட்டையின் நடுச்சுற்று 3 அடி என்றால் 5.6 கன அடி. 4 அடி என்றால் 10 கன அடி.

நீர் தேங்கும் களிமண் நிலத்தில் மலைவேம்பு வேண்டாம். கன்று வாங்கும் முன்பே, அருகிலுள்ள ஆலைகள் எந்த அளவுக் கட்டையை எடுக்கின்றன என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சந்தேகங்களுக்கு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியை அணுகலாம்.