வாரிசில்லாத கம்பிகள்

கடையைக் காலி செய்துகொண்டு போகிறவர் எதை விட்டுவிட்டுப் போவார்? மேஜை, நாற்காலி, அலமாரி எல்லாம் வண்டியேறிவிடும். சுவாமி படம் மாட்டியிருந்த ஆணியைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போகும் சிக்கனக்காரர்கள் உண்டு. ஆனால் சுவரிலும் கூரையடியிலும் தாம் இழுத்துவிட்ட வயர்களை மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மருது சகோதரர்கள் 1801-ம் வருஷம் தூக்கிலேறிய திருப்பத்தூர், மதுரையிலிருந்து காரைக்குடிக்குப் போகும் வழியில் இருக்கிறது. இத்தகைய ஊர்களின் கடைவீதியில் ஒரு பழைய கட்டிடத்தின் சரித்திரத்தை அறிய வேண்டுமானால், பத்திரத்தைத் தேட வேண்டியதில்லை. வயர்களைப் பார்த்தாலே போதும். ஜவுளிக்கடை வைத்தவர் விளக்குக்குப் போட்டது ஒன்று. பிறகு வந்த பாங்கு டெலிபோனுக்காக இழுத்தது ஒன்று. அதன்மேல் கேபிள் டி.வி.; அதன்மேல் கம்ப்யூட்டர்; அதன்மேல் திருடனைப் படம் பிடிக்கும் காமிரா. வந்தவர் ஒவ்வொருவரும் புதியதைப் போட்டாரேயன்றிப் பழையதை எடுத்தாரில்லை.

"மின்சாரம் ஓடாத கம்பி யாரை என்ன செய்துவிடும்?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். செத்த பாம்பு கடிக்காது. ஆனால் செத்த கம்பி எரியும்!

வயரின் மேலுறை பெரும்பாலும் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக். கலப்பற்ற பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அது எரியும்போது எழும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு இருக்கிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அதுவே ஹைட்ரோகுளோரிக் திராவகம். கண்ணையும் மூச்சுக் குழலையும் அது எரிக்கும். தீ கீழ்க்கடையில் இருக்கும்போதே, வயர் நுழைந்த துவாரம் வழியாகப் புகை மாடிக்குப் போய்விடுகிறது. மாடியில் டியூஷன் படிக்கும் குழந்தைகள் இருந்தால் அவர்கள் கதி என்ன?

இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய வயர்க் குவியலின் நடுவே அகப்பட்டுக்கொண்ட உயிருள்ள கம்பி, தன் சூட்டை வெளியே விட முடியாமல் தவிக்கிறது. உறை நாளடைவில் காய்ந்து வெடிக்கிறது. அப்புறம் ஒரு பொறி போதும்.

1975-ம் வருஷம் பிப்ரவரி 27-ந் தேதி நியூயார்க் நகரத்தில் ஒரு பெரிய டெலிபோன் நிலையத்தின் அடித்தளத்தில், கேபிள்கள் வந்து சேரும் அறையில் தீப்பிடித்தது. சுமார் 1,70,000 டெலிபோன்கள் ஊமையாயின. அவற்றைப் பேச வைக்க ஏறக்குறைய மூன்று வாரமாயிற்று. அந்தப் புகையைச் சுவாசித்த தீயணைப்பு வீரர்களில் பலர் பிற்காலத்தில் நோய்வாய்ப்பட்டார்கள்.

அமெரிக்காவின் தேசிய மின்சார விதித்தொகுப்பு 2002-ம் வருஷப் பதிப்பில் ஒரு கட்டளை சேர்த்தது. எந்தக் கருவியிலும் சேராமலும், பின்னால் உபயோகிப்பதற்கென்று அடையாளச் சீட்டு இல்லாமலும் கிடக்கும் தகவல் கம்பிகளில், எட்டக்கூடிய பகுதியை அகற்றியாக வேண்டும் என்பதே அது. நமது தேசியக் கட்டிட விதித்தொகுப்பும் (2016) சும்மா இருக்கவில்லை. மின்கம்பிகள் மாடியேறும் பாதையை ஒவ்வொரு தளத்திலும், அந்தத் தளத்தைப் போலவே தீயைத் தாங்கும் பொருளால் அடைக்க வேண்டும்; டெலிபோன் கம்பியும் தண்ணீர்க் குழாயும் அதே பாதையில் போகக் கூடாது என்று அது சொல்கிறது.

ஆனால் எடுக்கும் காரியத்தை வீட்டுப் பையன்களிடம் விட்டுவிடலாகாது. "செத்தது" என்று நினைத்த கம்பியில் மின்சாரம் இருக்கக்கூடும். உரிமம் பெற்ற காண்டிராக்டரைக் கொண்டு இரு முனைகளையும் கண்டுபிடித்து, சோதித்த பிறகே வெட்ட வேண்டும். பலங்கொண்ட மட்டும் இழுத்தால் பக்கத்துக் கம்பியின் உறை கிழியும். எடுத்த பின் துவாரத்தைக் காகிதத்தாலும் சாக்காலும் அடைக்காமல், தீத்தாங்கும் சாந்தால் அடைக்க வேண்டும். தாமிரத்துக்கு ஆசைப்பட்டு வயரைக் கொளுத்துவது, கட்டிடத்தில் தவிர்த்த விஷத்தைத் தெருவில் பரப்புவதாகும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் நடப்பதில்லை? கட்டிடக்காரர், "குடியிருந்தவர் போட்டது" என்கிறார். குடியிருப்பவர், "எனக்கு முன்னால் இருந்தவர் போட்டது" என்கிறார். முன்னால் இருந்தவரோ ஊரிலேயே இல்லை!

செட்டிநாட்டு வீடுகளில் அண்டா முதல் கரண்டி வரை பெயரெழுத்து வெட்டி வைப்பது வழக்கம். சீர் சாமான்களுக்குப் பட்டியல் உண்டு. எந்தப் பொருள் யாருடையது என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. இந்த நல்ல வழக்கத்தைக் கடைவீதிக்கும் கொண்டுவந்தால் என்ன? போடும் ஒவ்வொரு வயரிலும் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு ஒன்றைக் கட்டட்டும். வாடகைப் பத்திரத்தில் ஒரே ஒரு வரி சேரட்டும்: "காலி செய்யும்போது, போட்ட வயர்களையும் அகற்றிக் கொடுக்க வேண்டியது." அட்வான்ஸ் தொகையைத் திருப்பிக் கொடுக்குமுன் கட்டிடக்காரர் அந்த வரியைப் படித்துப் பார்த்தால், மற்றதெல்லாம் தானே நடக்கும் என்பது நமது அபிப்பிராயம்.