சுருக்கம் விழுந்தா சூடு போதாது!

காசிமேட்டில் எனக்கு ஒரு மாமா. மீன் வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர். போன ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் லீவுதானே என்று அவருக்கு ஒத்தாசை செய்யப் போனேன். 'ஈயத்தை உருக்கி அச்சில் ஊத்தறது என்ன பெரிய வித்தை?' என்று நினைத்ததுதான் தப்பு!

முதல் பத்துக் குண்டும் தொண்ணூறு வயசுப் பாட்டி கன்னம் மாதிரி சுருக்கம் சுருக்கமாக வந்தன. ஒன்றிரண்டு பாதிதான் ரொம்பியிருந்தன.

''இன்னா மாப்ளே, அச்சு இன்னும் ஜில்லுனு கீது. அதுக்குள்ள இன்னா அவசரம்?'' என்றார் மாமா.

ஈயம் 327 டிகிரியில் உருகும். ஆனால், உருகினால் மட்டும் போதாது. அச்சு குளிர்ந்திருந்தால், மூலைக்குப் போய்ச் சேருமுன்பே உறைந்துவிடும். முதலில் வரும் சில குண்டுகள் அச்சைச் சூடாக்கத்தான். அவற்றைத் திரும்பச் சட்டியில் போட வேண்டியதுதான்!

'சரி, சூட்டை ஏத்தினா ஆச்சு' என்று கரியை அள்ளிப்போட்டு ஊதினேன். இப்போது குண்டெல்லாம் விபூதி பூசின மாதிரி வெளுத்து வந்தன. சூடு அதிகமாம்! மாமாவிடம் தெர்மாமீட்டர் கிடையாது. காய்ந்த பேப்பர் துண்டை ஈயத்தில் தொட்டுப் பார்க்கிறார். மெதுவாகப் பழுப்பேறினால் பதம். குப்பென்று பற்றினால் தணலைக் குறைக்கணும்.

அடுத்த சட்டி ஈயம் கஞ்சி மாதிரி கொழகொழத்து நின்றது. அச்சும் சரி, சூடும் சரி... பிறகென்ன? மெக்கானிக் கடையிலிருந்து வந்த பழைய வீல் வெயிட்டுகளில் துத்தநாகமும் இருந்திருக்கிறது. அது உருக 420 டிகிரி வேணும். சூட்டை அதற்குக் கீழேயே வைத்திருந்தால் உருகாமல் மேலே மிதக்கும். கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம். நான் ஊதின ஊதலில் கரைந்தே போச்சு!

ஈரக் கரண்டியைச் சட்டிக்குள் விடப் போனேன். கையைத் தட்டிவிட்டார் மாமா. ஒரு சொட்டுத் தண்ணீர் ஈயத்துக்கு அடியில் மாட்டினால், ஆயிரம் மடங்குக்கு மேல் ஆவியாக விரிந்து, கொதிக்கும் ஈயத்தை மூஞ்சியில் அடிக்கும்.

''பழைய பேட்டரியை ஒடச்சா ஈயம் சல்லிசா கெடைக்குமே மாமா?''

''அத்த மட்டும் தொடாத. ஆசிட்டு, தூசி, பொகை... குடும்பத்துக்கே வெனை!''

நியாயம்தான். பழைய பேட்டரி பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் போகணும் என்று 2001-லேயே விதி வந்தது. 2022-ல் அதற்குப் பதில் புது விதியும் வந்திருக்கிறது.

குண்டில் கோளாறு என்றால் அதன் முகத்திலேயே தெரிகிறது. உடம்பில் ஏறும் ஈயம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. கை, சட்டை, தலைமுடி என்று ஒட்டிக்கொண்டு வீட்டுக்கே வரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாமா ஒரு காலத்தில் குண்டைப் பல்லால் கடித்துத்தான் கயிற்றில் இறுக்குவார். பேரன் பிறந்த பிறகு குறடு வாங்கிவிட்டார். திறந்த வெளியில்தான் அடுப்பு. கை கழுவாமல் டீ கிடையாது.

சாயங்காலம் வீடு திரும்பினேன். மூன்று வயசு மகள், ''அப்பா!'' என்று ஓடிவந்தாள். தூக்கவில்லை. நேரே பாத்ரூம். சட்டை தனி வாளியில்.

''ஞாயித்துக்கிழமையில ரெண்டு தடவை குளிக்கிறீங்களா? மழைதான் கொட்டப் போகுது!'' என்றாள் மனைவி.

கொட்டட்டும்!