ஏலத்தில் எடுத்த காரை வீடு சேர்ப்பது எப்படி?

கோலாலம்பூரில் உள்ள பங்சார் இன்று கடைவீதிகளும் மாடி வீடுகளும் நிறைந்த பகுதி. ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டம். புங்கே, கிரிசார் என்னும் இரு ஐரோப்பியர்களின் பெயர்கள் சேர்ந்தே பங்சார் என்ற பெயர் உண்டாயிற்று. தோட்டப் பாதையில் ஒரு டிராக்டர் நின்றுவிட்டால், வடக்கயிற்றைக் கட்டி இன்னொரு டிராக்டரால் இழுத்து வருவது நம் மக்களுக்குப் பழகிய வேலை. அதே பழக்கத்தைப் பங்சாரை ஒட்டி ஓடும் கூட்டரசு நெடுஞ்சாலையில் காட்டினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, ஏலத்தில் எடுத்த ஓடாத காரை எப்படிப் பத்திரமாகக் கொண்டு வருவது என்பதை இன்று தெரிந்துகொள்வோம்.

ஏலத்துக்கு வரும் கார்களில் இரண்டு வகை முக்கியமானவை. தவணைப் பணம் நின்றுபோனதால் வங்கி இழுத்துக்கொண்டவை ஒரு வகை. விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி, பழுதுபார்த்தால் கட்டுப்படியாகாது என்று காப்புறுதி நிறுவனம் முடிவு செய்தவை மற்றொரு வகை. 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது, வீட்டு வாசலில் நின்ற கார்கள் எத்தனையோ நீரில் மூழ்கின. இத்தகைய கார்கள் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால், உள்ளது உள்ளபடியே விற்பதுதான் ஏலத்தின் வழக்கம். சுத்தியல் விழுந்த பிறகு குறை சொல்ல முடியாது. குறித்த நாளுக்குள் எடுத்துச் செல்லாவிட்டால் இடவாடகையும் ஏறும்.

வாங்கிய இடத்திலேயே பலர் செய்யும் முதல் காரியம், சாவியைப் போட்டு எஞ்சினை முடுக்கிப் பார்ப்பது. வெள்ளத்தில் கிடந்த காரில் இதைச் செய்யவே கூடாது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தலாம். தண்ணீரை அழுத்த முடியாது. உள்ளே நீர் தேங்கியிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். பட்டறையில் சரிசெய்திருக்கக்கூடிய எஞ்சின், ஒரு நொடியில் பழைய இரும்பாகிவிடும்.

அடுத்தது, கயிறு கட்டி இழுப்பது. எஞ்சின் ஓடாதபோது பிரேக்கை மிதிப்பது கடினம். ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் கடினம். சாவியை எடுத்துவிட்டாலோ ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். முன்னால் போகும் வண்டி திடீரென நின்றால், பின்னால் வரும் கார் வந்து மோதும். கயிறு வண்டியை இழுக்குமே தவிர, நிறுத்தாது. பங்சார் மேட்டுப் பாதைகளில் இறங்கும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கியரையும் கவனிக்க வேண்டும். ஆட்டோ கியர் காரில், கியர்ப்பெட்டிக்கு எண்ணெய் ஏற்றும் பம்ப் எஞ்சினால்தான் இயங்குகிறது. எஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் உருண்டால், எண்ணெய் இல்லாமல் உள்பாகங்கள் உராய்ந்து தேய்ந்துவிடும். கஞ்சில், மைவி போன்ற கார்களுக்கு முன்சக்கரங்களே உந்துசக்கரங்கள். ஆகவே, அவற்றின் முன்பக்கத்தைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும். நான்கு சக்கரங்களாலும் ஓடும் வண்டிக்கும் மின்சாரக் காருக்கும் நான்கு சக்கரமும் தரையைத் தொடக்கூடாது. எவ்வகை வண்டியானாலும், தட்டையான தளமுள்ள லோரியில் ஏற்றுவதே நல்லது.

லோரிக்காரரிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுங்கள்: சாவி உண்டா, சக்கரம் உருளுமா, டயரில் காற்று இருக்கிறதா, பெட்ரோல் ஒழுகுகிறதா? கூலி எவ்வளவு என்பதையும், வழியில் சேதம் ஏற்பட்டால் அவருடைய காப்புறுதி தாங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றுமுன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொங்கும் பம்பர், உடைந்த கண்ணாடி ஆகியவற்றைக் கழற்றி உள்ளே வையுங்கள். நெடுஞ்சாலையில் அவை பறந்தால், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் உயிர் போகும். கம்பிவடம் காரை இழுக்கும்போது அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. அறுந்தால் அது சாட்டைபோல் வீசும். ஏற்றிய பிறகு சக்கரங்களைப் பட்டையால் கட்டி, அடைக்கட்டை வைக்க வேண்டும். லோரிமேல் இருக்கும் காருக்குள் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

இன்னொரு செலவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாலை வரியும் காப்புறுதியும் இல்லாத காரைச் சாலையில் ஓட்டுவது குற்றம். பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் போன்ற பரிசோதனை நிலையத்தில் காரைக் காட்ட வேண்டும். ஆகவே, ஏல இடத்திலிருந்து பட்டறைக்கு ஒரு பயணம், பட்டறையிலிருந்து பரிசோதனைக்கு இன்னொரு பயணம் என்று இரண்டு முறை லோரி தேவைப்படலாம். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பத்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா, பதிவு இன்னும் செல்லுமா என்பதை ஏலத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பதிவு நீக்கப்பட்ட கார் உதிரிப் பாகங்களுக்குத்தான் உதவும்.

ஆகவே, கை உயர்த்துமுன் ஒரு தாளில் கணக்குப் போடுவோம். ஏல விலை, லோரிக் கூலி, பழுதுபார்க்கும் செலவு, பரிசோதனை, காப்புறுதி, சாலை வரி ஆகிய அனைத்தையும் கூட்டுவோம். அந்தத் தொகைக்கு ஓடுகின்ற பழைய கார் ஒன்று கிடைக்குமானால், ஏலக் கார் மலிவல்ல. வெயிலிலும் மழையிலும் உழைத்துச் சேர்த்த பணம் அது. லோரிக்கு ஆகும் சில வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய், காரையும் அதற்குள் இருப்பவரையும் இழந்துவிடக் கூடாது.