மூச்சுத் தடுமாறினால் காலும் தடுமாறும்

நோயாளரை வீட்டுக்கு விடும்போது தாதி சொல்லும் அறிவுரைகளை அவசரத்தில் பாதிதான் கேட்கிறோம். மீதியை விபத்துத்தான் படிப்பிக்கிறது. ரூவியில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

நுரையீரல் நோயுள்ள மாமா ஒட்சிசன் இயந்திரத்துடன் வீட்டுக்கு வந்தார். விரலில் மாட்டும் ஒக்சிமீற்றரின் இலக்கத்தையே நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் இரவு, மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு, தனியே மலசலகூடம் போக எழும்பினார். நாலடி வைப்பதற்குள் விழுந்துவிட்டார். நல்லகாலம், எலும்பு முறியவில்லை.

அன்றுதான் எங்களுக்கு விளங்கியது, மூச்சுக் குறைவும் விழுவதும் வேறு வேறு ஆபத்துகள் அல்ல என்று. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்தால் தலை சுற்றும், புத்தி தடுமாறும், கால் சோரும். நடக்கும்போது அது இன்னும் இறங்கலாம். கட்டிலில் இருக்கும்போது காட்டும் இலக்கம் நடைக்குப் பொருந்தாது.

ஒக்சிமீற்றரின் அடிப்படையை 1974 இல் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி வெளியிட்டார். 2020 இல் கொரோனா வந்தபின் அது வீடுகளுக்கும் வந்தது. சுகமானவருக்கு 95 முதல் 100 வரை காட்டும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளர் சிலருக்கு வைத்தியர் 88 முதல் 92 வரை போதும் என்பார். அவர்களுக்கு ஒட்சிசனை நாமாகக் கூட்டினால் இரத்தத்தில் கரியமிலவாயு தேங்கி மயக்கம் வரலாம். கருமையான தோலில் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதை 2020 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றும் காட்டியது. குளிர்ந்த விரல், நகப்பூச்சு என்பனவும் அளவைக் குழப்பும். ஆகவே முகத்தையும் பாருங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வசனம் பேசி முடிக்க மூச்சு முட்டினாலோ, பேச்சுக் குழம்பினாலோ, இலக்கம் நன்றாக இருந்தாலும் உதவி தேடுங்கள்.

வீட்டில் நாம் செய்த மாற்றங்கள் இவை. ஒட்சிசன் குழாயைச் சுவரோரமாகக் கொண்டுபோனோம். நடுவிலிருந்த கம்பளத்தைச் சுருட்டினோம். இரவு விளக்கும், சிறுநீர்ப் போத்தலும், கூப்பிட ஒரு மணியும் கட்டிலருகே வைத்தோம். எழும்புமுன் காலைத் தரையில் ஊன்றி இரண்டு நிமிடம் இருக்கச் சொன்னோம். வழுக்கும் பாட்டாச் செருப்பை நிறுத்தினோம். குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. ஒட்சிசன் நெருப்பைப் பெருக்கும். ஆகவே சாமி விளக்கும் கற்பூரமும் வேறு அறைக்குப் போயின. சிகரெட்டுக்கு வீட்டில் இடமில்லை.

விழுந்தவரை உடனே இழுத்துத் தூக்காதீர்கள். எங்கே நோகிறது என்று கேளுங்கள். தலை அடிபட்டிருந்தாலோ, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவரானாலோ, வெளியே காயம் இல்லாவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஓமானில் அவசர இலக்கம் 9999. மொழி வராதவர்கள், நோயின் பெயர், மருந்துகள், ஒட்சிசன் அளவு, வீட்டு விலாசம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதித் தொலைபேசியருகே ஒட்டிவையுங்கள்.

ஏன் எங்களை எழுப்பவில்லை என்று மாமாவைக் கேட்டோம். "விடிய வேலைக்குப் போற பிள்ளையள், நித்திரையைக் குழப்பக் கூடாதெண்டுதான்" என்றார். எங்கள் பெரியவர்கள் இப்படித்தான். ஆகையால் அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், படுக்கப் போகுமுன் நாமே சொல்லிவிடவேண்டும்: "எந்த நேரமெண்டாலும் எழுப்புங்கோ."